மிஸ்டர் டாப்சனின் தலையணை உறை

ஓய்வு பெற்றவளை நிம்மதியாக இருக்கவிடக் கூடாது என்று எவனோ சட்டம் போட்டிருக்கிறான் போல. போன வாரம் ரோஷ்ணி போன் செய்தாள். நியூசிலாந்தில், பிளாக்ஹவுஸ் பே பகுதியில் நான் சார்ஜ் நர்ஸாக இருந்த முதியோர் இல்லத்தில் இப்போது வேலை பார்க்கும் பிஜிக்காரப் பெண் அவள். இல்லத்தை ஒரு கம்பெனி வாங்கிவிட்டதாம். கோட்டுப் போட்ட ஒருவன் வந்து, யாராவது இறந்தால் அன்று சாயங்காலத்துக்குள் அந்த அறை அடுத்த ஆளுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று வகுப்பு எடுத்துவிட்டுப் போனானாம்.

"ஆன்ட்டி, உங்க காலத்துல எப்படிப் பண்ணினீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், இங்க உள்ள பிள்ளைங்களுக்குக் காட்டுறேன்" என்றாள்.

உங்க காலமாம்! நான் வேலையை விட்டு வந்து யூனிபார்மைக்கூட இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்குள் நான் ஒரு காலம் ஆகிவிட்டேன். சரி, எழுதுகிறேன். ஆனால் கோட்டுக்காரனுக்குப் பிடிக்காது, சொல்லிவிட்டேன்.

என் பயிற்சிக் கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. தைப்பிங்கில் நர்ஸ் ஆனேன். பினாங்கில் சில வருடம் வார்டு வேலை. கல்யாணம் ஆனது. அவருக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்தது, பெட்டியைக் கட்டினேன். இங்கே வந்தால், உன் சான்றிதழ் செல்லாது, திரும்பப் படி என்றார்கள். ஏற்கெனவே பிரசவ வார்டை ஒற்றை ஆளாகப் பார்த்தவளை, கை கழுவுவது எப்படி என்ற வகுப்பில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். பாஸ் பண்ணினேன். அவ்வளவுதான்.

மேட்ரன் மிஸஸ் பிரவிட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் என் வாழ்நாளில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். கத்தாதவரை என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் "நாம்" என்பார். "நாம் இன்று கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறோமா, சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே, மேசையில் இருக்கும் பேனாவை இரண்டு விரலால் நேராக்குவார். பேனா ஏற்கெனவே நேராகத்தான் இருக்கும். எனக்கு உச்சந்தலை கொதிக்கும்.

யாராவது இறந்தால் மேட்ரன் வைத்திருந்த முறை இது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் ஜன்னலைக் கொஞ்சம் திறக்க வேண்டும். பல்செட் இருந்தால் தாடை விறைப்பதற்கு முன் மாட்டிவிட வேண்டும். உடம்பைத் துடைத்து, தலை வாரி, நல்ல உடை போட்டு, தோட்டத்துப் பக்கம் இருந்த சின்ன அறைக்குக் கொண்டு போக வேண்டும். பிறகு அலமாரியில் உள்ள துணி முழுவதும் சலவைக்குப் போகும். அழுக்கு, சுத்தம் என்ற பேதமே கிடையாது. துவைத்து, மெஷினில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, சூட்கேஸில் மடித்து வைத்துவிட வேண்டும். குடும்பத்தார் வரும்போது ஒரு சுருக்கம், ஒரு கறை கண்ணில் படக் கூடாது. மேட்ரனுக்கு அதில் அவ்வளவு பெருமை. குறை சொல்லக்கூடாது, எனக்கும் அன்று அது நல்ல முறையாகத்தான் பட்டது.

இந்த முறைக்கு நடுவில்தான் மிஸ்டர் டாப்சன் வந்து நின்றார்.

டாப்சன் எங்கள் இல்லத்தில் இருந்த கிழவர். கண்ணாடி சோடாப்பாட்டில் அடிப்பாகம் மாதிரி இருக்கும். விரல்கள் எல்லாம் மூட்டுவாதத்தில் வளைந்து போனவை. சாப்பாட்டில் தகராறு இல்லை, குளிக்க அடம் இல்லை, யாரையும் திட்டுவதில்லை. ஆனால் ஒருவர் இறந்துவிட்டார் என்று காதில் விழுந்தால் போதும், தன் தலையணை உறையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் அந்த அறையில் நிற்பார். இழுப்பறையைத் திறந்து எதையாவது உறைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். ஒருமுறை பாதி பிராந்தி பாட்டில். ஒருமுறை குதிரைப் பந்தயச் சீட்டுகள். ஒருமுறை ஒரு பாட்டியின் டோப்பா! டோப்பாவை வைத்து இந்த மனிதர் என்ன செய்யப் போகிறார் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டால், "என் வேலை" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

மேட்ரன் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். "இன்னொரு முறை நடந்தால், மிஸ்டர் டாப்சனுக்குப் பூட்டிய வார்டுதான் நல்லது என்று நாம் முடிவு செய்ய வேண்டியிருக்கும், சிஸ்டர்." பேனாவை நேராக்கினார்.

அந்த வேலை என்ன என்பது எனக்குத் தெரிந்தது மிஸ்டர் பார்லோவால். பார்லோ வெளியாள். போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் படைப்பிரிவு ஒன்றில் வயர்லெஸ் ஆபரேட்டராகப் பறந்தவர். நியூசிலாந்துப் பையன்கள் நிறைய இருந்த பிரிவு அது. அதன் போர்க்கால வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறேன் என்று பழைய ஆட்களைத் தேடித் தேடி வருவார். ஒவ்வொரு வாரமும் டேப்ரெக்கார்டர், அதற்கு ஒரு நீள வயர், அந்த வயர் நடைபாதைக்குக் குறுக்கே. என் கிழங்கள் வாக்கரோடு தடுமாறும். "வரலாறு எழுதுங்க, வேண்டாங்கலை. யாருக்காவது இடுப்பு எலும்பு உடைஞ்சா அதையும் எழுதுவீங்களா?" என்று கேட்டேன். சிரிக்கிறார் மனிதர்.

டாப்சனும் அதே பிரிவில் இருந்தவர் என்று தெரிந்ததும் பார்லோவுக்கு ஒரே குஷி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது இங்கிலீஷில்தான். என் காதில் விழுந்தது இப்படி.

"எந்த விமானத்துல பறந்தே?"

"பறக்கலை. கண் சரியில்லை."

"அப்போ தரையில என்ன வேலை?"

"திரும்பி வராதவங்க சாமான்."

டேப்ரெக்கார்டர் டக்கென்று நின்றது. பார்லோவின் முகம் சிவந்துவிட்டது. "நீங்கதானா அந்தக் கழுகுங்க? நாங்க பசியாறிட்டு வர்றதுக்குள்ள கட்டிலை மொட்டையாக்கி வச்சிருப்பீங்களே! நேத்து பக்கத்துல படுத்திருந்தவன், இன்னிக்கு அவன் இருந்ததுக்கு ஒரு அடையாளம் இருக்காது. என் கூட்டாளியோட வெள்ளி சிகரெட் டப்பா எங்கய்யா? அம்பது வருஷமா கேக்குறேன்."

டாப்சன் கோபப்படவில்லை. யோசித்தார். "நிறைய பேர். ஞாபகம் இல்லை. உள்ளே ஒரு பொண்ணு படம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சா?"

பார்லோ குனிந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அப்போ படத்தை எரிச்சிருப்பேன். டப்பாவை அவன் மனைவிக்கு அனுப்பியிருப்பேன்" என்றார் டாப்சன். பிறகு, நான் அவர் வாயிலிருந்து கேட்டதிலேயே நீளமான பேச்சைப் பேசினார். பெட்டி போய்ச் சேரும் இடத்தில் ஒரு தாயோ மனைவியோ அதைத் திறப்பாள். அவள் பார்க்கக் கூடாததை முன்பே எடுத்துவிட வேண்டும். சட்டைகளில் எண்ணெய், வேர்வை, பீர் எல்லாம் இருக்கும். அதைத் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் வைப்பார்களாம். "அழுக்குக் காலரை ஒரு அம்மா பார்க்கக் கூடாது" என்றார்.

பார்லோ வயரைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் டாப்சன் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரலாறு எழுதுகிறாராம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று டீயில் உப்பைப் போட்டுக்கொண்டேன்.

இப்போது தேவகியைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண், எங்கள் இல்லத்தில் கேர்கிவர். அங்கே டீச்சராக இருந்தவள், இங்கே கிழவர்களைக் குளிப்பாட்டினாள். கணவனும் மகளும் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். அந்த விசா இவளுடைய வேலையை நம்பித்தான் இருந்தது. வேலை போனாலோ, போலீஸில் பெயர் பட்டாலோ, எல்லாம் போச்சு. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய் அதிகம் பேசாத பெண். அதனால்தானோ என்னவோ, மிஸஸ் வின்டர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

மிஸஸ் வின்டர் கட்டிலருகே ஒரு வெள்ளி போட்டோ பிரேம் இருக்கும். ஹாமில்டனில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தது, உள்ளே செத்துப்போன கணவரின் படம். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் கணவர் பின்னால் போய்விடுவார். முன்னால் இருப்பது மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் ஒரு மீசைக்காரன், பழைய காதலன். மகள் ஞாயிறுதோறும் வருவாள் என்பதால், சனிக்கிழமை தேவகி தன் தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கைக் கழற்றி, பிரேமின் பின்பக்க ஆணிகளை நெம்பி, ஆளை மாற்றி வைப்பாள். திங்கட்கிழமை திரும்ப மோட்டார் சைக்கிள் மாப்பிள்ளை.

"ஏண்டி, இதெல்லாம் நர்ஸிங் டியூட்டியா?" என்று ஒருநாள் பிடித்துக் கேட்டேன்.

"சொல்லமாட்டன் எண்டு அவவுக்குச் சத்தியம் பண்ணிப்போட்டன் அக்கா. நீங்களும் ஒண்டும் கதையாதேங்கோ."

நானும் வாயை மூடிக்கொண்டேன். எண்பது வயதில் ஒரு மனுஷிக்கு அந்த அளவுக்குக்கூட உரிமை இல்லையா?

மிஸஸ் வின்டர் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். செத்தாலும் செத்தார், வாரத்தின் நடுவில் செத்தார். தேவகியும் நானும் துடைத்து, உடுத்தி, சின்ன அறைக்குக் கொண்டு போனோம். துணியெல்லாம் சலவைக்குப் போனது. பிரேமை மாற்ற வேண்டும் என்று தேவகி ஓடிப்போய்ப் பார்த்தால் பிரேமைக் காணோம். மத்தியானம் மகள் வந்தாள். முதலில் கேட்டதே அதைத்தான்.

மேட்ரன் அறையில் எல்லோரையும் நிறுத்தினார். துப்புரவு செய்யும் அம்மாள், "சனிக்கிழமை இந்தப் பொண்ணு அந்த பிரேமை ஒரு ஊசியால நோண்டிக்கிட்டு இருந்தா, நான் பார்த்தேன்" என்று சொல்லித் தொலைத்தாள். மகள், தான் வீட்டுக்குத் திரும்புவதற்குள் அது கிடைக்காவிட்டால் போலீஸுக்குப் போன் செய்வேன் என்றாள். அழுத கண், கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

"கடைசியாக நாம் அதை எங்கே பார்த்தோம், தேவகி?" என்று மேட்ரன் கேட்டார். பேனா நேரானது.

தேவகி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பிவிடுவாள். சொன்னால் அந்த மகள், அம்மா செத்த அன்றே அப்பாவையும் பறிகொடுப்பாள். இவளோ வாயைத் திறக்கவில்லை. அட பாவி மகளே, புருஷனும் பிள்ளையும் கொழும்பில் நிற்கிறார்கள், செத்துப்போனவளுக்குச் செய்த சத்தியத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாயே!

"நான் தேடிப் பார்க்கிறேன் மேட்ரன்" என்று சொல்லி, தேவகியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் எடுக்கேல்ல அக்கா. சத்தியமா எடுக்கேல்ல."

"எனக்குத் தெரியாதா? சும்மா இரு. யாரு எடுத்தான்னும் தெரியும்."

டாப்சன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் தலையணை உறை, அதற்குள் பிரேம். அவர் விரல்களைப் பார்த்ததும் என் கோபம் பாதி போய்விட்டது. நகம் கிழிந்து உறையெல்லாம் ரத்தம். அந்த வளைந்த விரல்களால் பின்பக்க ஆணியைத் திறக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. மீசைக்காரனை எடுத்துவிட்டு பிரேமை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவதுதான் அவர் திட்டம். அதற்குள் மகள் வந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா! இந்தப் பொண்ணு ஒரு நிமிஷத்துல திறந்திருப்பாளே!" என்று கத்தினேன்.

"யாரையும் கேட்கக் கூடாது. அதுதான் விதி" என்றார். "மகள் வீட்டுக்குப் போகட்டும். அப்புறம் நான்தான் எடுத்தேன்னு சொல்லிக்கோ. என்னை எங்கே வேணும்னாலும் அனுப்பட்டும்."

"மகள் போறதுக்குள்ள இவளைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிடும்!"

அது அவருக்குத் தெரியாது. தேவகியை நிமிர்ந்து பார்த்தார். உடனே பிரேமை அவளிடம் நீட்டிவிட்டார்.

தேவகி தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். மேட்ரன் டியூட்டியில் நகை கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருந்தார், நாங்கள் இருவருமே கேட்டதில்லை. ஊக்கைக் கழற்றினாள், நான்கு ஆணியையும் நெம்பினாள். மீசைக்காரன் வெளியே வந்தான், அப்பா முன்னால் வந்தார். பல் விளக்கும் பேஸ்ட்டைத் தொட்டு வெள்ளியை நான் பளபளவென்று தேய்த்தேன். மீசைக்காரனை எரிக்க வேண்டும் என்றார் டாப்சன். இல்லத்தில் தீப்பெட்டி கூடாது. தேவகி படத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். சின்ன அறையில் மிஸஸ் வின்டரின் ரவிக்கைக்கு உள்பக்கம், வெளியே தெரியாதபடி, அதே ஊக்கால் படத்தைக் குத்தி வைத்தாள்.

டாப்சன் வாசலில் நின்று அந்த உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு உடம்பு கிடைச்சதே இல்லை, சிஸ்டர்" என்றார். "சாமான் மட்டும்தான்."

பிரேமைக் கொண்டுபோய்க் கொடுத்து, பாலிஷ் போட நான்தான் எடுத்து வைத்திருந்தேன், சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். மேட்ரனுக்குப் பொய் என்று தெரியும். பிரேமை நுகர்ந்து பார்த்தார், புதினா வாசனை. "இனிமேல் நாம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம், சிஸ்டர்" என்றார், அவ்வளவுதான். மகள் அப்பாவின் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தேவகியிடம் மன்னிப்புக் கேட்டாள். விவகாரம் தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

தீரவில்லை. நாங்கள் அடுக்கி வைத்த சூட்கேஸை அவள் அங்கேயே திறந்தாள். அம்மாவின் நீலக் கம்பளிச் சட்டையை எடுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இன்னொரு சட்டையை எடுத்தாள். இன்னொன்று. பிறகு, "எல்லாத்துலயும் உங்க சோப்புத்தூள் வாசனைதான் இருக்கு" என்றாள். குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாப்சன் நடைபாதையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவள் அதில் எதைத் தேடினாள்?" என்று என்னைக் கேட்டார்.

தேவகிதான் பதில் சொன்னாள், என்னிடம், தமிழில். "எங்கட அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள் அக்கா. திரும்பி வரேல்ல. அவர் கடைசியாக் கழட்டிப் போட்ட சேர்ட்டை அம்மா இன்னும் தோய்க்கேல்ல. பையுக்குள்ள கட்டி வச்சிருக்கிறா. குண்டு போட்டு ஊரே ஓடேக்கையும் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினவா. அதில அண்ணாவின்ட மணம் இருக்குது. இவர் கேக்கிறார்தானே, சொல்லுங்கோ."

இதை நான் எந்த வாயால் இங்கிலீஷில் சொல்வது? அந்த மனிதர் இளம் வயது முழுக்கத் துவைத்திருக்கிறார். ஐம்பது வருடமாக, நல்லது செய்தோம் என்ற ஒரே நினைப்பில் தூங்கி எழுந்திருக்கிறார். எனக்குத் தேவகி மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

டாப்சன் கண்ணாடியைக் கழற்றினார். தலையணை உறையின் ரத்தம் படாத ஓரத்தால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எல்லாத்தையும் துவைச்சோம்" என்றார். "காலரைத் தனியாகப் பிரஷ் போட்டுத் துவைச்சோம்."

அதற்குப் பிறகு யார் இறந்தாலும் அவர் எழுந்து போகவில்லை. பூட்டிய வார்டைப் பற்றி மேட்ரனும் பேசவில்லை. தேவகியின் கணவனும் மகளும் அந்த வருடமே வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனோம், போகும் வழியில் பாபடோயிட்டோயில் நிறுத்தி மகளுக்கு இனிப்பு வாங்கினோம்.

பார்லோவின் புத்தகமும் வெளிவந்தது. இல்லத்துக்கு ஒரு பிரதி அனுப்பினார். நல்ல கனம். எந்த விமானம், எந்த இரவு, எந்த ஊர், யார் ஓட்டியது, எல்லாம் இருந்தது. சாமான் எடுத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசியில் திரும்பி வராதவர்களின் பெயர்கள், பக்கம் பக்கமாக. டாப்சன் அந்தப் பக்கங்களை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, வளைந்த விரலைப் பெயர்களின் மேல் மெல்ல இறக்கிக்கொண்டே போனார். டீயை வைத்துவிட்டு நான் நின்றேன். "இவங்க எல்லாரோட அம்மாவுக்கும், சிஸ்டர்" என்றார். டீ ஆறிப்போனது. நானும் வேறு டீ கேட்கிறீர்களா என்று கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு மார்புச்சளி. போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "பச்சைக் கம்பளிச் சட்டை. தெற்குத் தீவிலிருந்து தங்கை வருவாள். அதை மட்டும் தொடாதே" என்றார். அவர் போனதும் முறைப்படி எல்லாம் செய்தேன். பச்சைச் சட்டையை மட்டும் என் லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

மேட்ரன் சூட்கேஸைச் சரிபார்த்தார். "ஒன்றை நாம் சலவைக்குப் போட மறந்துவிட்டோமா, சிஸ்டர்?"

"மறக்கலை மேட்ரன். நான்தான் போடலை."

பேனாவின் பக்கம் கை போனது. தொடாமல் திரும்பி வந்தது.

ரோஷ்ணி, உன் கோட்டுக்காரனிடம் சொல். அறையைச் சாயங்காலத்துக்குள் வேண்டுமானால் காலி செய்துகொள்ளட்டும். கடைசியாகப் போட்டிருந்த ஒரு உடுப்பை மட்டும் துணிக்கூடையில் போடாமல் எடுத்து வைக்கச் சொல். திட்டினால் என் பெயரைச் சொல்.

டாப்சனின் தங்கைக்கு அவரைவிட வயது கொஞ்சம்தான் குறைவு. குனிந்த முதுகு, கைத்தடி. பச்சைச் சட்டையைக் கையில் கொடுத்தேன். மார்பில் காலை ஓட்ஸ் கஞ்சிக் கறை, கை முட்டியில் ஓட்டை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவர் அதை முகத்தருகே கொண்டு போனார். பிறகு தான் போட்டிருந்த நல்ல கோட்டுக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, கறையோடு டாக்சியில் ஏறிப் போனார்.